பங்க்டிலியஸ் வீட்டுக் கொலு

போன வாரம் ஒரு போன். பேசியவர் தி.நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறாராம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. பத்திரிகை ஆபீஸில் கெஞ்சிக் கூத்தாடி என் நம்பரை வாங்கியிருக்கிறார்.

இந்தப் பத்தியில் எப்போதோ ஒருமுறை இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளைப் பற்றி எழுதித் தொலைத்தேன். அன்று பிடித்தது சனியன். பேத்திக்கு ஸ்கூலில் கொடுத்த வார்த்தை, மாப்பிள்ளை கோபத்தில் மெசேஜில் அனுப்பிய வார்த்தை, டாக்டர் சீட்டில் கிறுக்கிய வார்த்தை... எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்கிறார்கள். வீட்டில் தனியாக இருக்கிற பொம்பளைதானே, வேறு என்ன வேலை இருக்கப் போகிறது என்ற நினைப்போ என்னவோ. உண்மையும் அதுதான்.

அண்ணாச்சி கேட்ட வார்த்தை — பங்க்டிலியஸ்.

அவர் மகன் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். வருஷா வருஷம் மேலதிகாரி அவனைப் பற்றி நாலு வரி எழுதுவாராம். இந்த வருஷம் அந்த நாலு வரியில் இந்த வார்த்தை வந்திருக்கிறது. பையன் அதைப் படித்ததிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். என்னடா என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான்.

"அம்மா, இது பாராட்டா, ஏச்சா? அத மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

கேட்டுவிட்டார் அல்லவா, சும்மா இருப்பேனா? டீச்சர் அவதாரம் எடுத்தேன்.

பங்க்சுவல் வேறு, இது வேறு என்றேன். பங்க்சுவல் ஆசாமி சொன்ன நேரத்துக்கு வருவார். அவ்வளவுதான். பங்க்டிலியஸ் ஆசாமி சொன்ன நேரத்துக்கு வந்து, செருப்பை ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்து, வீட்டில் வயதில் பெரியவருக்கு முதலில் வணக்கம் சொல்லி, உட்காருங்கள் என்று சொன்ன பிறகுதான் உட்காருவார். விதி, மரியாதை, முறை — அதில் எத்தனை பொடி விஷயமாக இருந்தாலும் விடமாட்டார்.

ஸ்ட்ரிக்ட் என்பதும் வேறு. ஸ்ட்ரிக்ட் பேர்வழி ரூலை அடுத்தவர் தலையில் ஏற்றுவார். பங்க்டிலியஸ் பேர்வழி தன் தலையிலேயே ஏற்றிக்கொண்டு நிற்பார்.

தமிழில் ஒரே வார்த்தையில் சொல்ல முடியுமா? 'கறார்' என்று பார்த்தேன். இல்லை, அது வீட்டு ஓனர்கள் சமாசாரம். 'ஆசாரம்' என்றால் பேச்சு சமையலறைக்குப் போய்விடும். 'முறை பிசகாதவர்' — கொஞ்சம் கிட்டே வருகிறது. பாராட்டா, ஏச்சா என்றால்... இரண்டாகவும் சொல்லலாம். சொன்னவர் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருந்தார் என்று பார்த்தால்தான் தெரியும்.

அண்ணாச்சி உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் சின்னப் பிள்ளையிலேர்ந்தே அப்படித்தாம்மா. எல்லாத்தையும் முறையாத்தான் செய்வான்" என்றார். பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "மத்தியானம் சாப்பிடும்போது அவன் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்காங்களாம்."

அவர் கேட்டது வார்த்தைக்கு அர்த்தம் அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. யோசித்துப் பத்தியில் எழுதுகிறேன் அண்ணாச்சி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு எங்கள் இரண்டாவது மாடி ஞாபகம் வந்துவிட்டது.

திருவான்மியூரில், மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் பின்புறம் ஒரு பழைய அபார்ட்மென்ட் எங்களுடையது. நான் மூன்றாவது மாடி. எனக்கு நேர் கீழே சேஷாத்ரி சார். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். பிள்ளை குட்டி கிடையாது. போன வருஷம் சித்திரையில் மனைவி கமலா மாமியும் போய்விட்டாள்.

பங்க்டிலியஸ் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் டிக்‌ஷனரியில் ஒரு போட்டோ போடுவதாக இருந்தால் இவர் போட்டோவைப் போடலாம். விடியற்காலை வாக்கிங் போவார். மெயின் ரோட்டில் ஒரு வண்டி இருக்காது, ஒரு நாய்கூட இருக்காது. ஆனால் ரோட்டைக் கடக்கிறவர்களுக்கு சிக்னலில் சிவப்பு விளக்கு எரிகிறதே! நின்றுகொண்டிருப்பார். எதிர் டீக்கடையிலிருந்து, வண்டியே இல்ல, வா நைனா என்று கூப்பிடுவார்கள். அவர் சிக்னலைக் கையால் காட்டிவிட்டு அங்கேயே நிற்பார். பஸ் டெர்மினஸில் அவர் ஒருவர் மட்டும் நின்றாலும் அது க்யூதான்.

என் கணவர் இறந்தபோது வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் கிளம்பும்போது பழக்க தோஷத்தில், போயிட்டு வரேன் என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். துக்க வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும்தான். வாய் கேட்க வேண்டுமே. சேஷாத்ரி சார் வந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்தார். எழுந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார். என்ன மனுஷன் இவர் என்று அன்று எனக்குக் கோபமாக வந்தது. நாலு நாள் கழித்து யோசித்துப் பார்த்தால், அத்தனை பேரில் முறையாகப் போனவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு அவர் என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. தனியாக இருக்கிற பெண்பிள்ளை வீட்டுக்குக் காரணமில்லாமல் போகக் கூடாது என்பதும் அவருடைய முறைகளில் ஒன்றாக இருக்கும்.

கமலா மாமி இதற்கு நேர் எதிர். நவராத்திரி வந்தால் மாமி யாரையும் 'அழைக்க' மாட்டாள், கத்துவாள். பால்கனியில் நின்று தெருவில் போகிற பூக்காரியைக் கூப்பிடுவாள். கூரியர் கொண்டுவந்த பையனை உள்ளே இழுத்துக் கொலுவைக் காட்டி, சுண்டல் கொடுத்துத்தான் அனுப்புவாள். சார் படி கட்டுவார், துணி விரிப்பார், பொம்மைகளை வரிசை தப்பாமல் நிறுத்துவார். ஆளைக் கொண்டுவருவது மாமியின் டிபார்ட்மென்ட்.

என் கணவர் போய் ஒரு வருஷம் முடிந்திருந்த சமயம். மாமி படியில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்தினாள். "ஏண்டிம்மா, சுண்டல் ஆறிண்டிருக்கு. நீயா வரப்போறியா, நான் வந்து இழுத்துண்டு வரட்டுமா?" போனேன். என்னைக் கேட்காமல் கொள்ளாமல் என் நெற்றியில் குங்குமத்தை வைத்துவிட்டாள். மாமி, நான்... என்று இழுத்தேன். சும்மா இரு என்றாள். அன்று ராத்திரி முகம் கழுவும்போது நெற்றியை மட்டும் விட்டுவிட்டுக் கழுவினேன்.

மாமி போனதிலிருந்து அந்த மாதிரி யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை.

தவறாக நினைக்காதீர்கள். எங்கள் அபார்ட்மென்ட் பெண்கள் தங்கமானவர்கள். நவராத்திரியில் பட்டுப் புடவை சரசரக்க, குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போவார்கள். என் கதவை மட்டும் தாண்டிப் போவார்கள். வேண்டுமென்றே இல்லை. ஆன்ட்டிக்குச் சங்கடமாக இருக்குமே என்ற நல்லெண்ணம். அப்புறம் சத்தம் போடாமல் ஒரு டப்பாவில் சுண்டலைப் போட்டு என் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பயறு, ஒரு நாள் வேர்க்கடலை. உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஒரு பெல் அடித்துக் கொடுத்தால் என்ன? மரியாதையாக ஒதுக்கிவைத்தால் சண்டைகூடப் போட முடியாது, பாருங்கள்.

இந்த நவராத்திரிக்கு எங்கள் லிஃப்ட்டும் விரதம் இருந்தது. மெக்கானிக் வருவார், பார்ப்பார், போய்விடுவார். ஆகவே நான் தினமும் படி ஏறினேன். ஏறும்போதெல்லாம் இரண்டாவது மாடியில் சேஷாத்ரி சார் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே பளிச்சென்று விளக்கு. யாரோ விருந்தாளி வரப்போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்று நேராகப் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டேன். நாங்களும் மரியாதைக்காரர்கள்தானே!

விஷயத்தைச் சொன்னவள் தனம். ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வருகிறவள். என் வீட்டிலும் அவர் வீட்டிலும் வேலை செய்கிறாள். சரஸ்வதி பூஜை அன்று காலை, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"யக்கா, கீழ் வூட்டு அய்யா கொலு வெச்சிக்கீறாரு, தெரியுமா? சாய்ங்காலம் ஆனா கதவத் தொறந்து வெச்சிகினு, வேட்டி துண்டெல்லாம் போட்டுகினு குந்திகினு கீறாராம், வாச்மேன் சொல்லிச்சு. ஒரு ஆளு போவல. அவரே சுண்டல் பண்றாருக்கா. பண்ணி, காலைல எனக்கு குடுக்குறாரு. வெத்தலை பாக்கு, பூ, ஜாக்கெட்டு துணி வேற. நான் ஒருத்தியே எத்தினி வாட்டி வாங்குறது?"

அதோடு முடியவில்லை. அன்று காலை அவர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். நாளையோடு கொலு முடிகிறது. மறுநாள் வந்து பொம்மைகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடு, இனிமேல் வேண்டாம் என்று.

"அத்தினி பொம்மைய வெச்சிகினு நான் இன்னாக்கா பண்ணுவேன்? என் வூட்ல நாங்க படுக்கறதுக்கே எடம் இல்ல. அந்தம்மா எப்புடிப் பாத்துகினு இருந்த பொம்ம..." என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

மத்தியானம் படியில் ஹேமாவைப் பார்த்தேன். லேடீஸ் வாட்ஸ்அப் குரூப்பை நடத்துகிறவள். சேஷாத்ரி சார் வீட்டுக் கொலுவுக்குப் போனீர்களா என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அவர் அழைக்கவே இல்லையே ஆன்ட்டி, அழைக்காமல் எப்படிப் போவது என்றாள். அதுவும் தனியாக இருக்கிற ஜென்ட்ஸ் வீடு. நாங்களாகப் போய் நின்றால் அவருக்குக் கஷ்டமாக இருக்காதா என்றாள். அவள் சொன்னதில் எது தப்பு? ஒன்றும் தப்பில்லை. எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். அதனால்தான் அந்த வீட்டில் ஆளில்லை.

சரி, நான் போனேனா? உடனே போய்விட்டேன் என்று எழுத ஆசைதான். அன்று சாயங்காலம் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். அவிழ்த்து நைட்டிக்கு மாறினேன். மறுபடி புடவை. என்னையும்தான் அழைக்கவில்லை. அழைத்தாலும் நான் போகலாமா? வெற்றிலை பாக்கு, குங்குமம் என்று வரும்போது அந்த மனுஷர் என்ன செய்வார்? முறை பிசகாதவர். எனக்குக் கொடுத்தால் அவர் முறை என்ன ஆவது? கொடுக்காவிட்டால் நான் என்ன ஆவது? இந்த வயதில், இன்னொரு தரம், ஒருவர் வாசலில் ஒதுங்கி நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

பால் வாங்கப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கினேன். வீட்டில் பால் இருந்தது.

இரண்டாவது மாடி. கதவு திறந்திருந்தது. இந்தத் தடவை நேராகப் பார்த்துக்கொண்டு போகாமல் கீழே பார்த்தேன். வாசலில் கோலமாவால் புள்ளி வைத்திருந்தது. ஸ்கேல் வைத்த மாதிரி வரிசை. ஒரு புள்ளிகூட இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகரவில்லை. ஆனால் கோடு இல்லை. புள்ளி மட்டும். அவருக்குப் புள்ளி வைக்கத் தெரிகிறது, இழுக்கத் தெரியவில்லை. அது மாமியின் கை.

முட்டி வலியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஓரத்தில் கோலமாவுக் கிண்ணம் இருந்தது. எடுத்துப் புள்ளிகளைச் சுற்றி இழுக்க ஆரம்பித்தேன். கோலம் போட்டே பல நாளாகிவிட்டது. ஒரு இடத்தில் வளைவு கோணிக்கொண்டது. தலை நிமிர்ந்தால் அவர் நிற்கிறார்.

வேட்டி, அங்கவஸ்திரம், விபூதி. கோலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த மாவைப் புடவையிலேயே தட்டிக்கொண்டு எழுந்தேன். பால் வாங்க வந்தேன் என்றா சொல்வது?

"உள்ள வாங்கோ. கொலு வெச்சிருக்கேன்" என்றார்.

ஏழு படி. வெள்ளைத் துணியில் ஒரு சுருக்கம் இல்லை. மேல்படியில் கலசம், அடுத்து தெய்வங்கள், அதற்குக் கீழே மகான்கள், பிறகு மனுஷர்கள். கீழ்ப்படியில் செட்டியார், செட்டியாரம்மா, அவர்களுக்கு முன்னால் குட்டிக் கிண்ணங்களில் அரிசியும் பருப்பும். தரையில் ஒரு பார்க். எதிரே விரித்த பாய் விரித்தபடியே இருந்தது. அதில் யாரும் உட்காரவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

பார்க் பக்கத்தில் ஒரு டிராஃபிக் போலீஸ் பொம்மை, பெயின்ட் வாசனை போகாமல். வருஷத்துக்கு ஒன்றாவது புதிதாக வாங்க வேண்டும் என்பது முறை, அதற்காக மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்ததாகச் சொன்னார். எதற்கு சார் போலீஸ் என்றேன். பார்க்கைச் சுற்றி நாலு பொம்மைக் கார். அவற்றை மட்டும் கமலா மாமிதான் வைப்பாளாம், எந்த வருஷமும் தாறுமாறாகத்தான். அதே மாதிரி நிறுத்தியிருக்கிறாராம். அதை மாற்ற மனசு வரவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டும் இருக்க முடியவில்லை. அதனால் ஒரு போலீஸைக் கொண்டுவந்து போட்டுவிட்டார்.

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை.

"எல்லார் ஆத்து வாசலுக்கும் போனேன். குங்குமச் சிமிழை எடுத்துண்டு போய் நின்னேன். பெல்லை அடிக்கலை. ஒரு ஆம்பளை அதைக் கையில வெச்சுண்டு என்னன்னு கூப்பிடறது? போன்ல கூப்பிட்டா அது மரியாதையாவும் இருக்காது. கதவையாவது திறந்து வெப்போம்னு வெச்சேன்." அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். "உங்க ஆத்துக்கும் வந்தேன். கைப்பிடில டப்பா தொங்கிண்டிருந்தது. உள்ள லைட் எரிஞ்சுது."

கதவுக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் நான், டி.வி.யில் எதையோ ஓடவிட்டுக்கொண்டு. நடுவில் சுண்டல் டப்பா. எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

கொலுவுக்கு வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்றார். ஐயோ சார், எனக்குப் பாடத் தெரியாது என்றேன். அது தெரியாதவர்களும் பாட வேண்டும் என்பதுதான் முறை என்றார். விடுவாரா? எனக்குத் தெரிந்த ஒரே பாட்டு பள்ளிக்கூடத்தில் காலையில் வரிசையில் நின்று பாடுவது. அதிலும் பாதி மறந்துவிட்டது. மறந்த இடத்தில் ராகத்தை மட்டும் இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார், கச்சேரி கேட்பது போல. முடிந்ததும், பேஷ் என்றார். சிரிக்காமல் சொன்னார்.

சுண்டல் கொடுத்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். எழுந்தேன்.

இனிமேல்தான் நான் பயந்த இடம். அவர் உள்ளே போய்த் தட்டோடு வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, தேங்காய், ஜாக்கெட் துணி. நடுவில் குங்குமச் சிமிழ், மூடி திறந்திருந்தது. எனக்கு முன்னால் வந்து நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு தப்பும் செய்யாமல் வாழ்ந்த மனுஷரை நான் வந்து இக்கட்டில் மாட்டிவிட்டேன் என்று தோன்றியது.

"சார், எனக்கு வேண்டாம். நான்... உங்களுக்குத் தெரியாததில்லை" என்றேன்.

"தெரியும்" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் மேல் தட்டை வைத்துவிட்டு, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். "கொலு பார்க்க வந்தவா வெறுங்கையோட போகப்படாது. அதுதான் முதல்ல. மத்ததெல்லாம் அதுக்கப்புறம். கமலா இருந்தா இட்டு விட்டிருப்பா. நான் இட முடியாது. நீங்களே எடுத்துக்கோங்கோ."

எடுத்துக்கொண்டேன். பழக்கம் விட்டுப்போனதில் குங்குமம் மூக்கிலும் சிந்தியது. அவர் பார்க்காத மாதிரி செட்டியார் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அதுவும் மரியாதைதான்.

மறுநாள் காலை தனம் வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். பொம்மையெல்லாம் கேன்சலாம். குடுக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கு வேணும் என்று அய்யா சொல்லிவிட்டாராம். தப்பிச்சேன்க்கா என்றாள். என் நெற்றியைப் பார்த்தாள். சிரிப்பு மாறாமல் பாத்திரம் கழுவப் போனாள்.

ஹேமாவிடமும் சொன்னேன். அடடா, அடுத்த வருஷம் கண்டிப்பாகப் போகலாம் ஆன்ட்டி என்றாள். பார்ப்போம்.

கதை இங்கே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்று விஜயதசமி. சாயங்காலம் என் வீட்டு பெல் அடித்தது. சாயங்காலத்தில் என் பெல்லை அடிப்பது கூரியர்காரர் மட்டும்தான். திறந்தால் சேஷாத்ரி சார். அதே வேட்டி, அதே அங்கவஸ்திரம். செருப்பை ஜோடி சேர்த்து வாசலில் விட்டிருந்தார்.

"நேத்திக்கு நீங்க வந்தேள். பதிலுக்கு நான் வரணுமோல்லியோ" என்றார்.

எங்கள் வீட்டில் கொலுவே இல்லையே சார் என்றேன். அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. உட்காருங்கள் என்றேன், அதற்குப் பிறகு உட்கார்ந்தார். ஹாலை மெதுவாக ஒரு சுற்றுப் பார்த்தார். நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். துவைத்த துணி மடிக்காமல் கிடக்கிறது. பேப்பர் கலைந்து கிடக்கிறது. அவருடைய பார்வை ஃப்ரிட்ஜுக்கு மேலே போய் நின்றது.

அங்கே ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை இருக்கிறது. ஏதோ ஒரு எக்ஸிபிஷனில் என் கணவர் வாங்கியது. நீ சொல்றதுக்கெல்லாம் தலையாட்ட வீட்டில் இன்னொரு ஆள் வேண்டாமா என்று சொல்லி வாங்கினார். மின்விசிறிக் காற்றில் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அதை நான் தூசி தட்டியே நாளாகிறது.

சேஷாத்ரி சார் எழுந்தார். ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நின்றார். கையைக் கட்டிக்கொண்டு அந்த ஒற்றைப் பொம்மையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கொலுவைப் பார்க்கிற மாதிரி, அவசரப்படாமல் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கொலு ரொம்ப நன்னா இருக்கு" என்றார்.

கேலி இல்லை. கேலி அவருக்கு வராது. பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், சொன்னார். நான் சமையலறைக்கு ஓடிவிட்டேன். குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கொடுப்பதற்கு வீட்டில் என்ன இருக்கிறது? ஹேமா வீட்டிலிருந்து வந்து கைப்பிடியில் தொங்கிய டப்பாதான். அதைத் தட்டில் கொட்டி எடுத்துப் போனேன். பொய் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுச் சுண்டல் சார் என்றேன். தெரியும் என்று சொல்லி, ஒரு கடலை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நானும் விடவில்லை. வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாட வேண்டுமே சார் என்றேன். கமலா அவரைப் பாட விட்டதே இல்லை என்றார். ஆனால் முறை ஆயிற்றே! தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு வரி பாடினார். மாமி ஏன் விடவில்லை என்று எனக்குப் புரிந்தது. பேஷ் என்றேன், சிரிக்காமல்.

கிளம்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

இதே ஹாலிலிருந்து அன்று ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனவர். எங்கே எதைச் சொல்லலாம், எங்கே சொல்லக் கூடாது என்பதில் ஒருநாளும் தவறாதவர்.

"போயிட்டு வரேன்" என்றார்.

வாங்க சார் என்றேன். அவர் காலடிச் சத்தம் இரண்டாவது மாடியில் நிற்கும் வரை கதவை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன். துக்க வீடு என்று பெயர் வாங்கிய வீடு இது. இத்தனை நாள் கழித்து அந்தப் பெயரை ஒருவர் எடுத்துவிட்டுப் போனார், முறையான இரண்டே சொல்லில். உள்ளே வந்தால் ஃப்ரிட்ஜ் மேல் பொம்மை ஆமாம், ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது. முதல் வேலையாக அதைத் துடைத்து வைத்தேன்.

அண்ணாச்சி, உங்கள் கேள்விக்குப் பதில்: பாராட்டுதான். பையனிடம் தைரியமாகச் சொல்லுங்கள். அவனுக்கு யாரையும் கூப்பிடத் தெரியாமல் இருக்கலாம்; ஆனால் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பான்.

அந்த ஆபீஸிலிருந்து யாராவது இதைப் படித்தால் — அவன் அழைக்கமாட்டான், நீங்களாகவே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.